கையொப்பம் பெற்ற கோடு: கச்சதீவும் வரைபடங்களின் சட்ட வலுவும்

கண்டி மஹய்யாவையில் பத்துப் பேர்ச்சஸ் காணி ஒன்று கைமாறினாலும், நொத்தாரிசு எழுதும் உறுதியின் அட்டவணை ஒரே ஒழுங்கில்தான் அமையும். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே வீதி, தெற்கே கான், மேற்கே மதில் என்று நான்கெல்லை வரும். அடுத்துப் பரப்பளவு. அதன்பின், இன்ன திகதியில் இன்ன சர்வேயர் வரைந்த இன்ன இலக்கப் பிளான். அந்தப் பிளானை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவரும் காணிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. உறுதி அதனைக் குறிப்பிட்டுத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும்போதுதான் அந்தத் தாளுக்குப் பலம் வருகிறது. நாடுகளுக்கிடையிலான எல்லைப் பிணக்குகளில் வரைபடத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் நாடுகளின் விடயத்தில் இந்த எளிய உண்மை அடிக்கடி மறக்கப்படுகிறது.

கச்சதீவைப் பற்றிப் பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் இந்த மறதியைக் காணலாம். 285 ஏக்கர் பரப்பு, குடிநீர் இல்லை, நிரந்தரக் குடியிருப்பு இல்லை, ஆண்டுக்கொரு முறை திருவிழா காணும் அந்தோனியார் ஆலயம் ஒன்று உண்டு. நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் கிடக்கும் இந்தத் துண்டு நிலம் 2024 இந்தியப் பொதுத்தேர்தலில் பிரசாரப் பொருளானது. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கு நேரில் சென்றபோது மீண்டும் செய்தியானது. ஒவ்வொரு தடவையும் இரு கரைகளிலும் பழைய வரைபடங்கள் தூசு தட்டி எடுக்கப்படுகின்றன. ஒரு படத்தில் தீவு இராமநாதபுரத்தோடு இருக்கிறது, இன்னொன்றில் யாழ்ப்பாணத்தோடு. இந்தப் படங்கள் எத்தனை ஆயிரம் பேரின் கைப்பேசிகளில் சுற்றினாலும் சட்டத்தின் தராசில் அவற்றுக்கு எடை மிகக் குறைவு. எடையுள்ள வரைபடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர்தான் குறைவு.

எல்லை என்றாலே வரைபடம் என்ற எண்ணம் நமக்குப் பிந்தி வந்தது. கண்டி இராச்சியமே இதற்குச் சாட்சி. அதன் ரட்டைகள் எனும் நிருவாகப் பிரிவுகளின் எல்லைகள் 'கடயிம் பொத்' எனப்படும் சிங்கள எல்லை நூல்களில் ஆறு, மலை, கல், மரம் என்று சொற்களால் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. மாத்தளைக்கு உரிய எல்லை நூல் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. மலைப்பாதைகளை அந்நியர் அறியாமல் காப்பது அரசின் பாதுகாப்பாக இருந்த காலம் அது; நாட்டை வரைந்து வைப்பது எதிரிக்கு வழி காட்டுவதற்குச் சமம். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஒல்லாந்தரிடம் போரில் நலிந்து 1766 பெப்ரவரி 14 ஆம் திகதி செய்துகொண்ட உடன்படிக்கையிலும் எல்லை ஒரு தூரமாகவே சொல்லப்பட்டது. தீவைச் சுற்றிலும் கரையிலிருந்து ஒரு சிங்கள மைல், அதாவது ஏறக்குறைய நான்கு ஆங்கில மைல் அகலமான நிலம் ஒல்லாந்தருக்குப் போனது. அந்த ஒரு வாசகத்தால் கண்டி அரசன் கடலையே இழந்தான். கோடு வரைந்த தாள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பிரித்தானியர் வந்ததும் நிலைமை தலைகீழானது. இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2 ஆம் திகதி தொடங்கப்பட்டது. கண்டி வீழ்வதற்கு 15 ஆண்டுகள் முன்னர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டுநிலமும் தரிசு நிலமும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லால் எல்லை வைத்திருந்த கண்டிக் குடியானவரிடம் காட்டுவதற்குத் தாள் இருக்கவில்லை. அளந்து, வரைந்து, விற்கப்பட்ட அந்த நிலங்களில் கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். தாள் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு காரணமாகவே, சர்வதேச நீதிபதிகள் வரைபடங்களை ஐயத்தோடு பார்க்கும் வழக்கம் நியாயமானது என்று நான் கருதுகிறேன். வரைபவன் எப்போதும் ஒரு தரப்பின் ஆள்.

அந்த ஐயத்தைத் தெளிவாகச் சொன்னவர் சுவிஸ் சட்ட அறிஞர் மாக்ஸ் ஹூபர். பிலிப்பைன்ஸுக்கும் அன்றைய டச்சு இந்தியத் தீவுகளுக்கும் இடையிலிருந்த பல்மாஸ் தீவு யாருக்கு என்று அமெரிக்காவும் நெதர்லாந்தும் மோதிய வழக்கில் அவர் தனி நடுவர். 1928 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. வரைபடம் ஒரு குறிப்பை மட்டுமே தருகிறது, அதுவும் மறைமுகமான குறிப்பு. ஒரு சட்ட ஆவணத்துடன் இணைக்கப்பட்டிருந்தாலன்றி உரிமையை ஏற்கும் அல்லது கைவிடும் வலு அதற்கு இல்லை என்பது அவருடைய முடிவு. வரைந்தவர் எங்கிருந்து தகவல் பெற்றார் என்று தெரியாத படங்கள் எத்தனை குவிந்தாலும், நிலத்தில் நடந்த உண்மைகள் அவற்றுக்கு மாறாக இருந்தால் படங்கள் தோற்கும். யார் அங்கே தொடர்ச்சியாக ஆட்சி நடத்தினார் என்பதையே அவர் தேடினார். தீவு நெதர்லாந்துக்குக் கிடைத்தது.

1986 இல் புர்கினா பாசோ–மாலி எல்லை வழக்கைத் தீர்த்த சர்வதேச நீதிமன்றத்தின் அமர்வு இதையே கோட்பாடாக வகுத்தது. வரைபடம் தன்னளவில் ஒரு தகவல். அது நில உரிமைப் பத்திரம் ஆகாது. அரசுகளின் விருப்பம் அதில் வடிவம் பெற்றிருக்கும்போது, அதாவது அதிகாரபூர்வமான உரையோடு அது இணைக்கப்பட்டு அதன் உறுப்பாகிவிடும்போது மட்டும் நிலை மாறும். மற்றச் சமயங்களில் ஏனைய சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கப்படும் ஒரு துணைச் சான்றாகவே அது இருக்கும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சட்டம் எளிமையாக இருந்திருக்கும். பிரேயா விஹார் கோயில் வழக்கு அந்த எளிமையைக் கெடுத்தது. தாய்லாந்து–கம்போடியா எல்லையில் தாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில் நிற்கும் சிவன் கோயில் அது. அன்றைய சியாமுக்கும் பிரான்சுக்கும் இடையிலான 1904 உடன்படிக்கையின் வாசகம், நீர்பிரி மேடே எல்லை என்றது. வாசகத்தின்படி போனால் கோயில் சியாமின் பக்கம் விழும். ஆனால் சியாம் கேட்டுக்கொண்டதன் பேரில் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த படத்தில் கோடு கோயிலைக் கம்போடியப் பக்கம் விட்டு ஓடியது. எல்லையை நிர்ணயிக்க அமைக்கப்பட்ட கூட்டு ஆணைக்குழு அந்தப் படத்தை அங்கீகரிக்கவே இல்லை. படம் அச்சாகும் முன்பே ஆணைக்குழுவின் வேலை முடிந்துவிட்டது. ஹூபரின் அளவுகோலில் இது பலமற்ற படம்.

அடுத்து நடந்தவைதான் வழக்கைத் தீர்மானித்தன. 1908 இல் படங்கள் பாங்கொக்கை அடைந்தன. சியாமின் உள்நாட்டு அமைச்சர் இளவரசர் தம்ரோங் நன்றி சொன்னதோடு, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க மேலும் 15 பிரதிகள் கேட்டார். 1930 இல் அவர் அந்தக் கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சு அதிகாரி பிரெஞ்சுக் கொடியோடு அவரை வரவேற்றார்; எதிர்ப்பு எதுவும் எழவில்லை. 1934–35 இல் தாய்லாந்தின் சொந்த அளவையே படத்துக்கும் நீர்பிரி மேட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிய பின்னரும் அந்த அரசு வாய் திறக்கவில்லை. 1962 ஜூன் 15 ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம் 9க்கு 3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவின் இறைமைக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. மறுக்க வேண்டிய நேரத்தில் அரை நூற்றாண்டு மறுக்காமல் இருந்தது ஒப்புதலுக்குச் சமம் என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்பு சரியா என்று சட்ட அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். உடன்படிக்கையின் வெளிப்படையான வாசகத்தை ஒரு பிழையான படம் வெல்ல விட்டது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. சியாமிடம் அன்று சொந்தமாக அளவை செய்யப் போதிய ஆட்கள் இல்லை. அதனால்தான் பிரெஞ்சுக்காரரிடமே வேலையைக் கொடுத்தது. வலியவன் வரைந்த படத்துக்கு எளியவன் மௌனம் காத்தால் அது சம்மதமாகிவிடுமா? ஆயினும் தீர்ப்பு நிற்கிறது. அந்த எல்லையில் 2025 ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் மோதி மக்கள் மடிந்தபோதும், பின்னணியில் இருந்த பிணக்குகளில் ஒன்று எந்தப் படத்தை ஏற்பது என்பதே.

தன்னுடைய வரைபடமே தனக்கு எதிராகப் பேசுவதும் உண்டு. சிங்கப்பூர் நீரிணையின் வாயிலில் உள்ள பெட்ரா பிராங்கா பாறைத்தீவு மலேசியாவுக்கா சிங்கப்பூருக்கா என்ற வழக்கில், 1962 முதல் 1975 வரை மலேசியத் தரப்பே வெளியிட்ட ஆறு படங்களில் தீவின் பெயருக்குக் கீழே சிங்கப்பூர் என்று அச்சிடப்பட்டிருந்தது. 2008 மே 23 ஆம் திகதி தீவு சிங்கப்பூருக்குத் தீர்ப்பானது. படங்கள் மட்டும் அதற்குக் காரணமல்ல. 1953 இல் ஜொகூர் அரசின் பதில் செயலாளர், தீவின் மீது ஜொகூர் உரிமை கோரவில்லை என்று எழுதிய கடிதமே பெரிய அடி. படங்கள் அந்த அடியை உறுதிப்படுத்தின. ஒரு நாடு தனக்குச் சாதகமாக வரையும் படத்தை நீதிபதிகள் ஐயுறுவார்கள். தனக்குப் பாதகமாக வரைந்துவிட்டால் நம்பிவிடுவார்கள்.

நம் பக்கத்து உதாரணமான பெருபாரி, கச்சதீவுக்கு நேரடி உறவுடையது. 1947 இல் வங்காளத்தைப் பிரித்த ராட்கிளிஃப் தன் தீர்ப்போடு ஒரு படத்தையும் இணைத்தார். ஆனால் படம் விளக்கத்துக்காகவே, எழுத்து விவரணைக்கும் படத்துக்கும் முரண் வந்தால் எழுத்தே செல்லும் என்றும் சேர்த்து எழுதினார். எழுத்து விவரணையில் ஒரு பொலிஸ் எல்லையின் பெயர் விடுபட்டுப்போனது. அந்த ஓட்டையைப் பிடித்து ஜல்பைகுரி மாவட்டத்தின் பெருபாரிக்குப் பாகிஸ்தான் உரிமை கோரியது. 1958 இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபிரோஸ் கான் நூனும் பெருபாரியைப் பாதியாகப் பிரிக்க இணங்கினர். 1960 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அபிப்பிராயம் கூறியது: இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கையளிக்க வேண்டுமாயின் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்.

கச்சதீவை மீட்கக் கோரும் தமிழக மனுக்கள் நிற்பது இந்தப் பெருபாரி அபிப்பிராயத்தின் மேல்தான். ஜெயலலிதா 2008 இல் வழக்குத் தொடுத்தார். பின்னர் கருணாநிதியும் சேர்ந்துகொண்டார். இந்திய மத்திய அரசின் பதில் இன்னொரு தீர்ப்பின் வழியில் அமைந்தது. கட்ச் ரண் பகுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1965 இல் மோதிய பின்னர், சுவீடனின் குன்னார் லாகர்கிரன் தலைமையிலான நடுவர் மன்றம் 1968 பெப்ரவரி 19 ஆம் திகதி பிணக்குக்குள்ளான பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. அந்த வழக்கிலும் வரைபடங்கள் மலையாகக் குவிந்தன. தீர்ப்பை எதிர்த்து இந்தியாவில் தொடுக்கப்பட்ட மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969 இல் ஒரு வேறுபாட்டை வகுத்தது. உறுதியாகத் தனதாயிருந்த நிலத்தைக் கொடுப்பது வேறு, எல்லை எதுவென்றே தெளிவில்லாத இடத்தில் பிணக்கைத் தீர்ப்பது வேறு; இரண்டாவதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. கச்சதீவு எப்போதும் பிணக்கிலேயே இருந்தது, எல்லை வரையறுக்கப்படவே இல்லை, ஆகவே எதுவும் கையளிக்கப்படவில்லை என்று மத்திய அரசு சொல்வதன் வேர் இதுதான்.

அப்படியானால் 1974 க்கு முன்பு யாருடைய சான்று பலமானது? இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பக்கம் குத்தகைப் பத்திரங்கள் இருந்தன: சாயவேர் எடுக்கவும் சங்கு குளிக்கவும் கொடுத்த உரிமைகளில் கச்சதீவும் சேர்ந்திருந்தது. ஹூபரின் கண்ணால் பார்த்தால் அவை எந்த வரைபடத்தையும் விட மதிப்பானவை. இலங்கையின் பக்கம் யாழ்ப்பாண நிருவாகத்தோடும் மறைமாவட்டத்தோடும் தீவுக்கிருந்த தொடர்பு முன்வைக்கப்பட்டது. 1921 ஒக்டோபரில் கொழும்பில் இரு காலனி நிருவாகங்களும் கூடின. இலங்கைத் தரப்புக்குச் சுங்கத் தலைமை அதிகாரி ஹோர்ஸ்பரோ தலைமை தாங்கினார். கச்சதீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி ஒரு கோடு இணங்கப்பட்டது. மீன்பிடிக்கான கோடு அது. நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கையை அது பாதிக்காது என்பது இந்தியத் தரப்பின் நிபந்தனை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் போலவே, எதற்காகப் போகிறது என்பதும் சட்டத்தில் முக்கியம். 1921 கோட்டைக் காட்டித் தீவு தமதென்று வாதிடும் இலங்கையரும், அந்தக் கோடு ஒன்றுமேயில்லை என்று தள்ளும் தமிழகத்தவரும் இந்த நிபந்தனையைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

எல்லாவற்றையும் தீர்த்தது 1974 ஜூன் 26, 28 ஆம் திகதிகளில் கொழும்பிலும் புதுதில்லியிலும் கையொப்பமான உடன்படிக்கை. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பமிட்டனர். முதலாம் உறுப்புரை, பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை அகலாங்கு நெட்டாங்குகளால் தருகிறது. அவற்றை இணைக்கும் கோடுகள் இணைக்கப்பட்ட கடல் வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளன, அதில் இரு அரசுகளும் அதிகாரமளித்த அளவையாளர்கள் ஒப்பமிட்டுள்ளனர் என்கிறது இரண்டாம் உறுப்புரை. ஹூபர் கேட்டதும் 1986 தீர்ப்பு கேட்டதும் இத்தகைய படத்தைத்தான். இரு நாடுகளின் விருப்பமும் இதில் வடிவம் பெற்றிருக்கிறது. (முதலாம் உறுப்புரை புவிப் பெருவட்ட வில்களைப் பேசுகிறது, இரண்டாவது நேர்கோடுகளைப் பேசுகிறது. உருண்டைப் புவியில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இவ்வளவு குறுகிய கடலில் அந்த வேறுபாடு மிகச் சிறியது.) கோடு தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் போகிறது. தன் பக்கத்துத் தீவுகளின் மீது அந்தந்த நாட்டுக்கே இறைமை என்கிறது நான்காம் உறுப்புரை. இவற்றுக்குப் பிறகு 1974 க்கு முந்தைய படம் எதனாலும் அந்தக் கோட்டை அசைக்க முடியாது.

ஆனால் உடன்படிக்கை நான்காம் உறுப்புரையோடு முடியவில்லை. இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுவரை போலவே கச்சதீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ கேட்கப்படாது என்கிறது ஐந்தாவது. ஒன்றின் கடலில் மற்றதன் படகுகள் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது ஆறாவது. 1976 மார்ச் 23 ஆம் திகதி, மன்னார் வளைகுடா எல்லை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. ஆறாம் உறுப்புரை அதோடு செத்துவிட்டதா, சுருங்கியதா? ஐந்தாம் உறுப்புரையில் வலை உலர்த்தும் உரிமை மட்டுமா, வேறேதும் உண்டா? இன்னும் திறந்திருக்கும் சட்டக் கேள்விகள் இவை. இவற்றுக்கு எந்த வரைபடமும் விடை தராது.

1974 மலையகத் தமிழருக்கு இன்னொரு காரணத்தாலும் மறக்க முடியாத ஆண்டு. கச்சதீவுக் கோட்டுக்கு ஐந்து மாதங்கள் முன்பு, ஜனவரியில், அதே இரு பிரதமர்களும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடியுரிமை முடிவாகாமல் விடப்பட்டிருந்த 150,000 மலையகத் தமிழரைத் தலா 75,000 என்று பிரித்துக்கொண்டனர். கண்டியிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இருந்து குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தன. கடலில் கோடு போட்டபோது மீனவரைக் கேட்கவில்லை; மக்களைப் பிரித்தபோது அந்த மக்களைக் கேட்கவில்லை. இரண்டையும் தனித்தனிக் கதைகளாகப் படிப்பது தவறு. ஒரே உறவுச் சீரமைப்பின் இரண்டு பக்கங்கள் அவை. இரண்டிலும் விலை கொடுத்தவர்கள் தமிழ் பேசும் ஏழைகள்.

இன்று அந்தக் கோட்டுக்கு இருபுறமும் வாழ்வோர் அதே ஏழைகளே. இராமேசுவரத்து விசைப்படகுகளின் இழுவை மடி வடக்கின் கடலடியை அள்ளிச் செல்கிறது என்பது யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் நியாயமான குற்றச்சாட்டு. இலங்கை 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் இழுவை மடியைத் தன் கடலில் தடைசெய்துவிட்டது. கைதாகும் தமிழகக் கூலி மீனவரின் குடும்பங்கள் படும் துயரும் அதேயளவு உண்மை. தீவு கைமாறினாலும் இந்தப் பிணக்குத் தீராது. இழுவைப் படகுகள் போவது கச்சதீவைத் தாண்டி இலங்கைக் கரையை ஒட்டிய கடலுக்கு.

வழக்காடித் தீர்க்கலாம் என்ற வழியும் அடைபட்டிருக்கிறது. பொதுநலவாய நாடுகளுடனான பிணக்குகளைச் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து இந்தியா தன் பிரகடனத்தில் விலக்கிவைத்துள்ளது. இலங்கை அந்த அதிகாரத்தை ஏற்றுப் பிரகடனமே செய்யவில்லை. இரு நாடுகளும் சேர்ந்து இணங்கினாலன்றி இந்தக் கடல் ஹேக் நகரை அடையாது. ஆகவே எஞ்சியிருப்பது ஐந்தாம், ஆறாம் உறுப்புரைகளை மேசையில் வைத்து, வடக்கு மீனவரும் தமிழக மீனவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவதுதான். அதற்கு முதற்படியாக 1974 உடன்படிக்கையின் உரையையும், அளவையாளர் ஒப்பமிட்ட கடல் வரைபடத்தையும், 1976 கடிதங்களையும் இரு அரசுகளும் தமிழில் அச்சிட்டு நெடுந்தீவு முதல் பாம்பன் வரையுள்ள ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கொடுக்க வேண்டும்.